கூப்பிடும் வரை

இரண்டு சேலையும் ஒரு போர்வையும் திணித்த துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரஹமத் பீவி தன் வீட்டை விட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். படி இறங்கும்போது, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பப் போனவள், இனி அது தன் கவலை இல்லை என்று தலையை நேராக வைத்துக்கொண்டாள். பள்ளிவாசல் ஹஜரத்தும் அவளுடைய அண்ணன் மகன் ஹாரிஸும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுமையா செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடுங்கம்மா," என்றார் ஹஜரத். "வாயாலயும் சொல்லிருங்க."

"இந்த ஊட்ட உனக்குக் குடுத்துட்டேன் கண்ணு."

"வாங்கிக்கிட்டேன்," என்றாள் சுமையா. அம்மா என்று சேர்த்துச் சொல்வாள் என்று ரஹமத் பீவி ஒரு கணம் காத்திருந்தாள்.

சுமையா பெற்ற பிள்ளை இல்லை. அடிவாரத்தில் பிரசவத்தில் இறந்துபோன தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணின் குழந்தையை, ரஹமத் பீவியின் கணவர் சிக்கந்தர் ஒரு மழைநாளில் துண்டில் சுற்றி மலைக்குக் கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிளகும் காப்பித்தூளும் விற்ற சின்னக் கடையை வைத்தே அவளைப் படிக்கவைத்து, சேலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். சிக்கந்தர் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான் ரஹமத் பீவிக்கு அந்தப் பயம் பிடித்தது. வீடு அவள் பெயரில் இருந்தது. அவள் கண்ணை மூடினால் அண்ணன் பிள்ளைகளுக்குப் போய்விடும். வளர்த்த பிள்ளைக்கு மார்க்கத்தில் பங்கு கிடையாது. உயில் எழுதினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. ஹஜரத்திடம் போய் யோசனை கேட்டாள்.

"முழுசாத் தரணும்னா உசுரோட இருக்கும்போதே தந்துரணுங்க. பத்திரம் மட்டும் போதாது. ஊட்ட விட்டு எறங்கி, சாவியக் கையில குடுத்துரணும். அப்பறம் அவங்களாக் கூப்பிட்டா, உள்ள போய்க் காலம் பூரா இருங்க. ஆனா அவங்க கூப்பிடோணும்."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

காலையில் பத்திர ஆபீஸில்தான் ஏதோ பிசகிவிட்டது. எழுதியவர் உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். 'எனது வளர்ப்பு மகளான சுமையாவுக்கு' என்ற இடம் வந்ததும் சுமையா நிமிர்ந்தாள்.

"மகள்னு மட்டும் போட முடியாதுங்களா?"

"அப்படிப் போட்டா நாளைக்குப் பத்திரம் நிக்காதுங்க," என்றுவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.

வீட்டில் ஒருநாளும் யாரும் சொல்லாத சொல் அது. சுமையாவுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் எவளோ சொல்லி அழுதுகொண்டு வந்தவளைச் சிக்கந்தர் மடியில் உட்காரவைத்து எல்லாம் சொல்லியிருந்தார். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே அம்மா குனிந்து கையெழுத்துப் போடுவதை அவள் இன்றுதான் பார்த்தாள். ஆட்டோவில் திரும்பும்போது வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். ரஹமத் பீவி கையைப் பிடித்தாள். கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

இப்போது சுமையா பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதுவும் ஹஜரத் சொன்னபடிதான்.

"நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன் மாமி. எங்க பக்கத்துல இருந்து ஒரு பேச்சு வராது," என்றான் ஹாரிஸ். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இனி இந்தப் பக்கம் அவன் அடிக்கடி வரமாட்டான் என்பது அவன் வண்டிச் சாவியைத் தேடிய விதத்திலேயே தெரிந்தது. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஹஜரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து தெருவை மூடியது. உள்ளே ஜன்னல் கொக்கியைத் தட்டும் சத்தம் கேட்டது. சாரல் அடிக்கும் என்று ரஹமத் பீவி வருஷக்கணக்கில் திறக்காத மேற்கு ஜன்னல். பிடிவாதமாகத் தட்டித் தட்டி, கடைசியில் அது முனகிக்கொண்டு திறந்தது. பிறகு சுமையா போனில் பேசும் குரல். மறுமுனையில் மருமகனாக இருக்கும். போன தடவை வந்திருந்தபோது, டூரிஸ்ட்டுக்கு விட நல்ல ஊடு என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

வெளியூர்க் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஒரு பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, இது உங்க வீடா? ரூம் கிடைக்குமா?"

ரஹமத் பீவி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்க. ஊட்டுக்காரங்க உள்ள இருக்காங்க."

"கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

"அவங்க கூப்பிடோணும்னுதானுங்க நானே நிக்கறேன்."

அந்தப் பெண் துணிப்பையைப் பார்த்தாள். வீட்டு வேலை கேட்டு வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடி மேலே ஏறியது. கார் மஞ்சுக்குள் போய் மறைந்தது.

தூறல் விழ ஆரம்பித்தது. கூரைத் தகரத்தில் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு ஒரேயடியாக. பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு படியேறிக் கதவடியில் ஒதுங்கினாள். சிக்கந்தருக்கும் சுமையாவுக்கும் எத்தனையோ தடவை உள்ளேயிருந்து திறந்துவிட்ட கதவு. வெளியே நின்று அவள் தட்டியதே இல்லை. எந்த இடத்தில் தட்டினால் சமையல்கட்டு வரை கேட்கும் என்றுகூடத் தெரியவில்லை. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். மழைச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள்.

போன் பேச்சு நின்றது.

"யாருங்க?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா என்று சொல்லலாம். ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே, கையில் பையோடு நின்று அம்மா என்றால், அது பிச்சை கேட்கிற யாரோ ஒருத்தியின் குரலாகிவிடும்.

உள்ளே விளக்கு எரிந்தது. கதவுக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்து, ஈரமான அவள் கால் விரல்களைத் தொட்டது. அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது.