பங்காளிப் பூ

புல் செத்துவிட்டது, பூ சாகவில்லை. புருஷனின் கல்லறை முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து வேர்க்காரி இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோலாகக் காய்ந்து கிடந்த புல்லுக்கு நடுவில் பதின்மூன்று தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் மஞ்சள் பூ. ஓர் இலையைக் கிள்ளினாள், விரலில் ஈரம் ஒட்டியது. வேறு யாராவது பார்த்திருந்தால், பாவம், மனுஷன் தலைமாட்டில் பூ பூத்திருக்கிறதே என்று இரண்டு நிமிடம் கண் கலங்கிவிட்டுப் போயிருப்பார்கள். இவள் அடுத்த தண்டின் இலையையும் கிள்ளிப் பார்த்தாள். அதிலும் ஈரம்.

வேர்க்காரி என்ற பெயர் அவளுக்கு வேலையால் வந்தது. மலைமேல் புல்வெளியை ஒட்டியிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பதினொரு வருடமாக வேர் கழுவுகிறாள். புல்தரையைக் கட்டியாக வெட்டிச் சல்லடைத் தட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மண்ணை மட்டும் கரைத்து, ஒரு வேர்கூட அறாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்கச் சுலபம். புதிதாக வருகிறவர்கள், "இதுக்குப் பேசாம பேய்க்குத் தலை சீவி விடலாம்" என்று ஒரே வாரத்தில் ஓடிவிடுவார்கள். அவள் அதிகம் கழுவியது இந்தப் பூவின் வேரைத்தான். அதற்குப் பச்சை இலை உண்டு, வெயிலில் தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனாலும் போதாது. பக்கத்துப் புல்லின் வேரில் குண்டூசித் தலை அளவுக்கு முடிச்சுப் போட்டு உறிஞ்சும். சொந்தமாக அடுப்பு இருந்தும் அடுத்தவன் பானைக்குக் கை நீட்டுகிறதே என்று அங்கே எல்லோரும் அதைப் பங்காளிப் பூ என்பார்கள். பானை காலியானால் பங்காளியும் காலி. புல் செத்துப் பத்து நாளில் பூ கறுத்துவிடும். இதற்கு மாறாக ஒன்றையும் அவள் இதுவரை பார்த்ததில்லை.

தப்பு அவளுடையதுதான். மண்மேடு மொட்டையாகக் கிடப்பது பொறுக்காமல், நிலையத்தில் கழித்துப் போட்ட புல்கட்டிகள் நாலைந்தைப் போன வருடம் கூடையில் கொண்டுவந்து பதித்தாள். சோதனைப் பாத்தியின் கட்டியில் எந்த விதை ஒளிந்திருக்கும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவள், அன்றைக்கு எப்படி மறந்தாளோ! சரி, தின்று தீர்த்துவிட்டு அதுவும் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டாள். புல் காய்ந்து இன்றோடு நாற்பது நாள். சுற்றிலும் முழங்கை ஆழத்துக்குச் சிமென்ட் வரம்பு. வெளிப்புல்லின் வேர் உள்ளே வர வழியில்லை.

நிலையத்துத் தலைவரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தாள்.

"புல்லே இல்லாம இது பூக்குமா சார்?"

"வாய்ப்பே இல்லம்மா. கீழ உயிரோட ஏதோ ஒண்ணு இருக்கும். நீங்கதான் இதுல புலியாச்சே, தோண்டிப் பாருங்க," என்று சிரித்தார். எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை.

உயிரோடு என்ற சொல் அவளைச் சோறு தின்ன விடவில்லை. புருஷன் வேலி பழுது பார்க்கிறவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு பனியில் மாட்டி இரவு முழுக்க மேட்டில் கிடந்தார். காலையில் கட்டையாகத் தூக்கி வந்தார்கள். கம்பவுண்டர் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணில் டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கினார். மறுபடி பனி கொட்டினால் மண்ணில் கடப்பாரை இறங்காது, சட்டுப்புட்டென்று ஆகட்டும் என்று எல்லோரும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பறந்தார்கள். கடைசியாக அவள் அவருடைய உள்ளங்கையைப் பிடித்தாள். வெதுவெதுவென்று இருந்தது. என் கைச் சூடுதான் என்று நினைத்துக்கொண்டாள். "மூடலாமாம்மா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினாள். அவளுடைய துக்கம் என்று ஊர் நினைப்பதில் முக்கால்வாசி பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சல்லடை, தூரிகை, மண்வெட்டி, இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் கைவண்டியில் ஏற்றினாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் தையல் மெஷின் ஓசை நின்றது. புருஷனின் அக்கா, தையற்காரி, எட்டிப் பார்த்தாள்.

"எங்கடி, சட்டி பெட்டியோட கிளம்பிட்டே?"

"அவருகிட்ட."

"தண்ணி ஊத்தவா?"

"தோண்ட."

நாத்தனார் தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, செருப்புக்கூட மாட்டாமல் பின்னாலேயே வந்தாள்.

மூடுபனி இறங்கியிருந்தது, இலை அசையவில்லை. வேர்க்காரி பூக்களைத் தொடாமல் பக்கவாட்டில் குழி எடுத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? நாலு பேரு பார்த்தா காறித் துப்புவாங்க. என் தம்பியை நிம்மதியா விடு!"

"நிம்மதியா இருக்காரான்னுதான் தெரியணும். கை சூடா இருந்துச்சுக்கா. மூடச் சொன்னது நான்தான்."

சொல்லிவிட்டாள். இனி அறையட்டும், மயிரைப் பிடித்து இழுக்கட்டும் என்று குனிந்தே இருந்தாள். நாத்தனார் அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அவன் கண்ணை மூடி விட்டது யாரு? நான்தானே," என்றாள் கடைசியில். "மூடினேன். தொறந்துச்சுடி. மறுபடி மூடினேன். மறுபடியும் தொறந்துச்சு. அப்புறம் கையாலேயே அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன், பொட்டி மூடுற வரைக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நாத்தனார் கேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். "எவ்வளவு ஊத்தணும்?"

"மெதுவா. சொட்டுச் சொட்டா."

மண் கரைந்தது. புல்வேர்கள் கறுத்துப் பொடிந்திருந்தன. பூவின் வேர்கள் அவற்றை எப்போதோ விட்டுவிட்டு, ஒன்றோடொன்று முறுக்கி, விரல் தடிமனுக்கு ஒரே வெள்ளைக் கயிறாகக் கீழே போயின. முழங்கை ஆழம் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தன. கழுவிய வேர் தூரிகைமேல் துவண்டு விழும், அதுதான் அதன் குணம். இது துவளவில்லை. வேர்க்காரி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். கீழிருந்து இழுத்துப் பிடித்த கயிறுபோல விறைப்பாக இருந்தது.

"அக்கா, நிறுத்துங்க."

நாத்தனார் நிறுத்தவில்லை. முதல் கேன் தீர்ந்து இரண்டாவதைச் சாய்த்தாள். அவ்வளவு ஊற்றியும் குழியில் தண்ணீர் தேங்கவில்லை. வேர்க்காரியின் விரல்களுக்கு நடுவில் வேர் ஒரு விரற்கடை அளவுக்குக் கீழே இறங்கியது. காற்றே இல்லாத அந்தப் பனியில், மேலே இருந்த பூக்கள் எல்லாம் ஒன்றாகத் தலை குனிந்தன.