பதினோரு அடி ஆழம்

...இல்லை, இந்த வளைவிலும் இல்லை, வெறும் சேற்றுத் தரைமேல் கிராப்பி மீன் நிற்காது, ஒட்டிக்கொண்டு நிற்க ஒரு கட்டையோ கிளையோ வேண்டும் அதற்கு, என்று எண்ணியபடி டெல்பர்ட் படகின் சின்ன மோட்டாரைத் திருப்பினார். கென்டக்கியின் இந்த ஏரி அவருக்குப் புதிது, இதன் பெயரையே இன்று காலை பலகையில்தான் பார்த்தார்... அறுபத்தாறு வயதில் ஒருவன் தெரியாத ஏரிக்கு எதற்கு வருகிறான்? தெரிந்த ஏரியில் பழைய கூட்டாளி கிளீட்டஸ் இருக்கிறான், அதனால்தான். மார்ச் மாதக் கடைசி, நீர்மேல் புகைபோலப் பனி, வெயில் இன்னும் தூக்கம் கலையாமல் இருந்தது. அணை கட்டுவதற்கு முன் இங்கே ஓடிய ஓடை இன்னும் அடியில் படுத்திருக்கும், மீன்கள் அந்தப் பழைய வழியைப் பிடித்துக்கொண்டுதான் முட்டையிடக் கரைக்கு வரும், வரும் வழியில் குளிர் விடவில்லையே என்று எங்கோ பாதியில் நிற்கும், எங்கே? கிளீட்டஸ் இருந்தால் தண்ணீரை முகர்ந்தே சொல்லிவிடுவான்... மறுபடியும் கிளீட்டஸ்.

இருபத்திரண்டு வருடம், கிறிஸ்துமஸ் முடிந்து தெருவில் வீசிய மரங்களைப் பொறுக்கி, கான்கிரீட் கல் கட்டி, அந்தப் பழைய ஏரியில் ஓரிடம் பார்த்து, மீன் வந்து அண்டட்டும் என்று இருவருமாக இறக்கினார்கள், யாருக்கும் தெரியாத இடம். இரை விற்கிற கடையில் ஒருவன் தன்மையாகக் கேட்டான், டெல்பர்ட்டின் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அங்கே பத்தொன்பது படகு. கிளீட்டஸ் கத்தவில்லை. "அடுத்த தடவ என் வீட்டுச் சாவியையும் குடுத்துடுடா, வந்து சோபாவுல உக்காரட்டும்" என்றான், அவ்வளவுதான், பதினான்கு மாதமாகப் பேச்சில்லை. மீனுக்குப் போய் இத்தனை கோபமா என்றுதான் இவருக்கு இன்றுவரை... இரு, மீன் காட்டும் கருவியின் திரையில் அது என்ன, ஓடை திரும்பும் விளிம்பில், மூழ்கிய மரத்தின் அடிக்கட்டைகள், அவற்றுக்கு மேலே மிதக்கிற புள்ளிகள். பதினோரு அடி. சின்ன மீனைக் கொக்கியில் கோத்து ஒன்பது அடியில் நிறுத்தினார், கிராப்பி மேலே பார்த்துத்தான் தின்னும். மிதவை மூழ்கவில்லை, சோம்பலாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. கிராப்பி இரையைக் கவ்வி மேலே தூக்கினால் அப்படித்தான் படுக்கும். மெல்ல, மெல்ல, இதன் வாய் காகிதம், வெடுக்கென்று இழுத்தால் கிழியும்... வலையில் வந்து விழுந்தது, வெள்ளி உடம்பில் மிளகு தூவினாற்போல. பிறகு இன்னொன்று, மூன்றாவதும். பார், கிளீட்டஸ், என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது, ஓட்டியது ஒரு பெண், முன்புறம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கும் ஆண். "என்ன பெரியவரே, ஏதாச்சும் மாட்டுச்சா? எங்க வீட்டுக்காரர் எல்லாம் தெரியும்னு கூட்டிட்டு வந்தாரு, நீங்களே பாருங்க, எப்படித் தேடுறாருன்னு. எத்தன அடியில நிக்குது, சொல்லுங்களேன்." நல்ல முகம், அவள் படகில் வெறும் வாளி, டெல்பர்ட் வாயைத் திறந்தார். "இருபது அடிம்மா... அந்த அணைப் பக்கம்." அவள் படகை ஒட்டிக் கொண்டுவந்து பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு துண்டைத் தகரத்தாளில் சுற்றி நீட்டினாள். "நானே சுட்டது, சாப்பிடுங்க, நல்லா இருப்பீங்க."

யார் சொன்ன பொய் இது? யோசிக்கக்கூட இல்லையே, கை தானாக வாளியின் மூடியை இழுத்து மூடியிருக்கிறது. அரை மணி நேரம் முன்புவரை இந்த இடம் இவருக்கே தெரியாது, மூன்று மீன், ஒரு காலைப்பொழுது, அதற்கே இப்படி என்றால்... இருபத்திரண்டு வருடம் மரம் சுமந்தவனுக்கு? பனி விலகி, அணைப் பக்கம் அவள் தூண்டில் இறக்குவது தெரிந்தது, கையசைத்தாள், இவரும் பாதி கை தூக்கினார். மடியில் அந்தப் பலகாரம் இன்னும் சூடாக இருந்தது. கிளீட்டஸைப் போனில் கூப்பிட்டால் எதை முதலில் சொல்வது, அந்த இரைக் கடையையா, இந்தப் பெண்ணையா... மிதவை மறுபடி சாய்ந்து படுத்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இழுக்கவில்லை.