இதில் சோம்பு இல்லை

1

இந்தக் கதை என் மறதியில் பிறந்தது. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சூப்பில் போட வேண்டிய ஒன்றைப் போடாமல் விட்டுவிட்டேன்; அதனால் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏதோ நடந்துவிட்டது. அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், ஆனாலும் தெரியாது. எட்டு மாதமாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

அடித்த ஆரம்பங்களைக் காட்டிவிடுகிறேன்.

"ஈரி ஏரியிலிருந்து அன்று காலையே பனி கிளம்பிவிட்டது." (எங்கள் ஊரில் எதைத் தொடங்கினாலும் பனியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேண்டாம்.)

"நுன்சியோ மிகவும் நல்ல மனிதர்." (இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் பக்கத்து வீட்டில் இருக்கிறார். இந்த நிமிடம் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருக்கிறார்.)

"ஐந்து பவுண்டு பன்றிக்கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி சோம்பு."

இது இருக்கட்டும். இது அவருடைய அளவு.

2

எங்கள் தெருமுனைக் கறிக்கடையின் பின்கட்டில் முப்பத்து நான்கு வருடம், அரைத்த கறியைக் குடல் தோலில் அடைத்து வளையம் வளையமாகச் சாசேஜ் செய்தவர் நுன்சியோ. அரைத்த கறியில் உப்பு, மிளகு, பூண்டு, வறுத்துப் பொடித்த சோம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்துவிட்டு, காசு அளவுக்கு ஒரு துண்டைக் கிள்ளி வாணலியில் போடுவார். வெந்ததும் வாயில் போடமாட்டார். மூக்குக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு. "உப்பு ஒரு சிட்டிகை குறையுது" என்பார்.

உப்புக்கு ஏது வாசனை என்று ஒருமுறை கேட்டேன்.

"உப்புக்குக் கிடையாது சுகி. உப்பு குறைஞ்ச கறிக்கு இருக்கு."

இந்தத் தெருவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. இல்லாத ஒன்றை முகர்ந்து சொல்லும் மூக்கு!

[இடைக்குறிப்பு: சோம்பு என்றதும் உங்களுக்கு ஓட்டல் கல்லாப்பெட்டியின் பக்கத்துத் தட்டு நினைவுக்கு வந்திருக்கும். இங்கே 'இத்தாலிய சாசேஜ்' என்றால் சோம்பு போட்டது என்று அர்த்தம். இத்தாலிக்கே போய் 'இத்தாலிய சாசேஜ் கொடு' என்று கேட்டால் கடைக்காரன் ஏற இறங்கப் பார்ப்பானாம். சொல்லிச் சிரித்தவரும் நுன்சியோதான்.]

சென்ற ஆண்டு ஜனவரியில் அவருக்கும் அவர் மனைவி லொரெட்டாவுக்கும் காய்ச்சல் வந்தது. லொரெட்டா பத்து நாளில் எழுந்துவிட்டார். நுன்சியோவும் எழுந்தார், மூக்கு மட்டும் எழவில்லை. நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் தெரியும். மற்றதெல்லாம் நனைந்த அட்டை என்றார். "மூக்கு செத்தவன் பிசைஞ்ச கறிய எவன் திம்பான்?" என்று கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

தினமும் நான்கு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார் மருத்துவர். லொரெட்டா தன் பங்குக்கு இன்னொரு வைத்தியம் கண்டுபிடித்தார். வியாழக்கிழமைதோறும் கணவருக்குப் பிடித்த சாசேஜ் உருளைக்கிழங்கு சூப். முதல் கரண்டி உள்ளே போனதும் ஒரே கேள்வி: "வருதா?"

ஏப்ரல் வரை "இல்லை" என்றார். ஒவ்வொரு இல்லைக்கும் லொரெட்டா பாத்திரம் கழுவும் சாக்கில் திரும்பி நின்று அழுவார். மே மாதத்தில் ஒரு வியாழன் நுன்சியோ சொன்னார்: "கொஞ்சம் வருது."

லொரெட்டா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தார். மாதா கோவிலில் நன்றிப் பூசை வைத்தார். கிளீவ்லாந்தில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, இருவரும் மாறி மாறி அழுதார்கள். அதன் பிறகு வியாழன்தோறும் அந்த மேசையில் எனக்கும் ஒரு கிண்ணம்.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும்.

இவர்கள் பேசுவது ஆங்கிலம். அதில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒரே சொல். தமிழில் எழுத உட்கார்ந்த என் தலையில் அல்லவா அது விடிகிறது? முதல் வரைவில் லொரெட்டா கணவரை "என்னங்க" என்று கூப்பிட்டார். வாசித்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் கூச்சல் போடும் பள்ளிப் பேருந்தை முப்பது வருடம் ஓட்டிய பெண்மணி அவர். அந்த 'என்னங்க'வைக் கேட்டால் கரண்டியால் என்னைச் சாத்தியிருப்பார். இரண்டாம் வரைவில் "யோவ்" என்று மாற்றினேன். உடனே லொரெட்டா கதைக்குள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

4

அக்டோபரில் நான் பார்த்ததைச் சொல்லாமல் முடியாது. சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டது அது. (மன்னித்துவிடுங்கள் நுன்சியோ. உங்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான்.)

கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லொரெட்டா வெளியே போயிருந்தார். அடுப்பில் பூண்டு கருகிக்கொண்டிருந்தது. வாசலிலேயே எனக்குத் தொண்டை கமறியது. நுன்சியோ அடுப்புக்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் வாணலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் வருதுன்னு சொன்னீங்களே?"

"அவ அழுகைய நிறுத்தணும்ல?"

"அப்போ ஒண்ணுமே…"

"ஒரு மண்ணும் இல்ல." வாணலியைக் குப்பையில் தட்டினார். "லோர்கிட்ட சொல்லிடாத." (லொரெட்டாவை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்.)

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழனும் அவர் "வருது" என்பதையும், லொரெட்டாவின் முகம் மலர்வதையும் பார்த்துக்கொண்டு… (அந்த மாதங்களில் நான் என்ன நினைத்தேன் என்று இங்கே நீளமாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். வாய்மூடி இருந்தேன், அவ்வளவுதான்.)

5

பிப்ரவரி. லொரெட்டா பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு மூக்கடைப்பு. வியாழன் வந்துவிட்டது.

"இன்னிக்கு என் கை நீதான்டீ" என்றார். "மூக்கும் நீதான். இந்த வீட்டுல வேலை செய்யுற ஒரே மூக்கு உன்னுதுதான்."

"நுன்சியோவுக்குத்தான் கொஞ்சம் வருதே" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அது குழந்தை மூக்கு. இன்னும் நடை பழகுது. நீ சோம்ப வறு."

வறுத்தேன். கல் உரலில் போட்டுப் பொடித்தேன். அடுப்படியே மணத்தது. பொடியைக் கறியில் கொட்டப் போகும் நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். லொரெட்டாவுக்கு ஒரு கையில் கட்டு, இன்னொரு கையில் மூக்கு துடைக்கும் துணி. உரலை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து உப்பு போட்டேன், மிளகு போட்டேன், பிசைந்தேன்.

கறியை உதிர்த்து வறுத்து எடுத்தேன். மிஞ்சிய கொழுப்பில் வெங்காயம், பூண்டு, கொஞ்சம் மிளகாய்த் துகள். கோழி எலும்புச் சாறு. தோலோடு அரைவட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு. அது வெந்ததும் கறியைத் திரும்பச் சேர்த்து, நரம்பு நீக்கிக் கிழித்த கேல் கீரை.

"இதுக்குப் பேரு டஸ்கனி சூப்பாம்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் நுன்சியோ. "இத்தாலியில இருக்குற டஸ்கனிக்காரன் பார்த்தா போலீசக் கூப்பிடுவான்."

"உன் பாட்டன் சிசிலியிலேருந்து வந்தப்போ பசும்பால் கிரீமப் பார்த்திருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பாரு, சும்மா கிட யோவ்!" என்றார் லொரெட்டா. என் பக்கம் திரும்பி, "தீயக் கொறை. கிரீம் போனப்புறம் கொதிச்சா திரிஞ்சிடும். மெதுவா ஊத்து" என்றார்.

ஊற்றினேன். கலங்கலாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டிருந்த சாற்றில் வெள்ளைக் கோடு ஒன்று இறங்கிச் சுழன்றது. அடுத்த கணம் பானை முழுவதும் நிறம் மாறிவிட்டது. எத்தனை வியாழன் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். கரண்டி நிற்கும் இடத்தில் அப்படியே நிற்கும். இரண்டு பேரும் பானைக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று கிண்ணங்களில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உரல் கண்ணில் பட்டது. அதில் சோம்புப் பொடி அப்படியே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. ஒளிக்காமல் சொல்கிறேன். லொரெட்டாவுக்கு மூக்கடைப்பு. நுன்சியோவுக்கு மூக்கே இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? துணியைப் போட்டு உரலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

6

நுன்சியோ ஒரு கரண்டி குடித்தார்.

"வருதா?" என்றார் லொரெட்டா.

அவர் இன்னொரு கரண்டி எடுத்தார். வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

"இதுல சோம்பு இல்ல."

லொரெட்டாவின் முகம் வெளிறிவிட்டது. "என்னய்யா சொல்றே? சோம்பு இருக்கு. இப்பத்தான் சுகி பொடிச்சா. போன வாரம் வருதுன்னு சொன்னியே? மே மாசத்துலேருந்து சொல்றியே?"

"இல்ல, லோர்." அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "இல்ல."

"அப்போ அதுவும் போயிடுச்சா? இல்ல… இத்தனை நாளும்…"

நான் எழுந்தேன். உரலைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துத் துணியை எடுத்தேன். "நான் போடவே இல்ல லொரெட்டா. மறந்துட்டேன்."

லொரெட்டா உரலைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். உடையாத கையால் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த நொடி நுன்சியோவின் வழுக்கைத் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சு! வந்துடுச்சுடீ! இல்லைங்கிறதக்கூடக் கண்டுபிடிச்சிட்டான் பாரு!" என்று சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினார்.

அந்த அணைப்புக்குள்ளிருந்து நுன்சியோ என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க ஏழு வாக்கியங்கள் எழுதினேன். ஏழும் பொய். நீக்கிவிட்டேன்.

7

இரண்டு முடிவுகள் என்னிடம் இருக்கின்றன.

முதலாவது: மூக்கு திரும்பிவிட்டது. பதின்மூன்று மாதம் கழித்து, யாருமே முகரச் சொல்லாத ஒன்றை, இல்லாத ஒன்றை முகர்ந்து, அது அந்த மேசையில் எழுந்துவிட்டது.

இரண்டாவது: மூக்கு திரும்பவில்லை. ஒன்பது மாதமாகச் சொன்ன பொய்யை அன்று இறக்கி வைக்கத் துணிந்தார். அவருக்கு எந்த வியாழனும் சோம்பு இல்லை. அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னார். நானோ உரலைக் கொண்டுபோய் வைத்து, அவர் சொன்ன ஒரே உண்மையையும் பொய்யாக்கி, திரும்ப அவர் தோளிலேயே ஏற்றிவிட்டேன்.

(பல்லில் சோம்பு தட்டுப்படவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்றார் இதை வாசித்த நண்பர். பொடித்த சோம்பு ஐயா. மாவாகப் பொடித்தது.)

எது நடந்திருந்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. ஒன்றில் உடம்பு செய்த அதிசயம். மற்றதில், அழப்போகும் மனைவியின் முகத்துக்கு நேரே ஒரு மனிதர் சொன்ன "இல்லை". இதில் எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் திரும்பச் சாசேஜ் செய்கிறார். ஒரு வளையம் எனக்கும் வந்தது. சோம்பின் அளவு அச்சு அசலாகப் பழையபடி இருந்தது. ஆனால் முப்பத்து நான்கு வருடப் பழக்கம் உள்ள கைக்கு மூக்கு எதற்கு?

8

இதுவரை எழுதிவிட்டு நேற்று மதியம் என் அடுப்படியில் அதே சூப்பை வைக்கத் தொடங்கினேன். இலை கூட்டி முடித்த நுன்சியோ, காபி கேட்டு உள்ளே வந்தார். அடுப்புப் பக்கத்து மேடையில் இந்தத் தாள்கள் கிடந்தன.

"என்னது இது, எல்லா எழுத்தும் சாசேஜ் வளையம் மாதிரி சுருண்டு கெடக்கு?"

"தமிழ். உங்களப் பத்தித்தான்."

"நான் எங்க இருக்கேன்?"

அவர் பெயரைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, அந்த வடிவத்தைப் பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தார். "இங்க இருக்கேன். இங்கயும். லோர் எங்க?"

"கடைசியில எப்படி முடிக்கிறதுன்னு தெரியல" என்றேன்.

"நல்லா முடி. அவ படிப்பா."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதே."

"கத்துக்குவா. உனக்கு அவளத் தெரியாது."

அடுப்பில் பூண்டு பொரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் வாணலிக்கும் ஒரு கை தூரம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் நின்றால் போதும். பூண்டு வெளுத்த நிறத்திலிருந்து பொன்னிறமாகும், பழுப்பாகும், கருகும். அவர் திரும்புகிறாரா இல்லையா என்று பார்த்தால், எட்டு மாதக் கதைக்கு முடிவு தானாக வந்துவிடும்.

நின்றேன். பூண்டின் ஓரங்கள் நிறம் மாறத் தொடங்கின. அவர் விரல் தாளில் தன் பெயரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

முடியவில்லை. ஒரு கதைக்காக அந்த மனிதரை அப்படி நிறுத்தி வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எட்டி, ஓசைப்படாமல் அடுப்பை அணைத்தேன்.

தாளிலிருந்து தலையை எடுக்காமல் நுன்சியோ சொன்னார்: "இன்னும் அரை நிமிஷம் விட்டிருக்கலாம், சுகி."

பூண்டைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அந்த அரை நிமிடத்தை நான் எழுதப்போவதும் இல்லை. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.