வலப்பக்கத் திருப்பம்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் வீட்ஸ்கேயின் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடையில் அவள் சைக்கிள் போட்டியில் தோற்றால், பனிச்சறுக்கிக் கெட்டுப்போனவள் என்பார்கள். குளிர்காலத்தில் பனித்தளத்தில் தோற்றால், சைக்கிள் மிதித்துக் கெட்டுப்போனவள் என்பார்கள். ஜெயித்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள். சைக்கிள் சங்கம், பனிச்சறுக்குச் சங்கம் இரண்டிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: அரை.

வயது முப்பத்து மூன்று. இந்தக் கோடையில் ஊர் சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தால்தான் மாகாண அணியில் இடம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். சைக்கிள் சங்கத் தலைவர் ரோம்கேவுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய அண்ணன் மகள் யில்டௌவும் போட்டியில் இருக்கிறாள் என்பதும் தெரியும். எனவே, தேவாலயத்தைச் சுற்றி எப்போதும் இடப்பக்கமாகவே ஓடிய பந்தயத்தை, பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த முறை வலப்பக்கமாகத் திருப்பினார்.

பனித்தளத்தில் எல்லோரும் இடப்பக்கமே வளைவார்கள். இருபது வருடம் அப்படி வளைந்த உடம்பு வலப்பக்கம் சாயச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

"பாவம், வலது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது!" என்று சங்கக் கூட்டத்தில் ரோம்கே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்ஸ்கேவும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அழுதாள்.

மறுநாளிலிருந்து பால்பண்ணைக்காரர் ஷூர்டின் கொட்டகையை வலப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தாள். முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு.

"போதும்மா, உன்னைப் பாத்துப் பாத்து என் மாட்டுக்கெல்லாம் தலை சுத்துது. பால் குறைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் ஷூர்ட்.

"மாட்டை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்க ஷூர்ட்."

பந்தயத்தன்று கால்வாயோரக் கடைசி வளைவில் ரோம்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்ஸ்கே விழுவதைப் பார்க்க அதுதான் நல்ல இடம். ஆனால் அவர் ஒன்றை மறந்திருந்தார். ஊரில் எல்லோருமே இத்தனை வருடமும் இடப்பக்கமாகத்தான் ஓட்டியிருந்தார்கள். வலப்பக்கம் பழகியவள் ஒருத்திதான்.

முன்னால் வந்த யில்டௌ வளைவில் பிரேக்கைத் தேடினாள், பிறகு கரையைத் தேடினாள், கடைசியில் கால்வாய்க்குள் போனாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். தலையில் பாசியோடு எழுந்து, கைகொடுக்கத் தண்ணீரில் இறங்கிய சித்தப்பாவைத் திட்டினாள். வீட்ஸ்கே சாய்ந்து வளைந்து தனியாக முடிவுக்கோட்டைத் தாண்டினாள்.

பனிச்சறுக்குச் சங்கத்தின் டௌவே ஓடிவந்து, "அந்தத் தொடை எங்க பனி கொடுத்தது!" என்று கத்தினார்.

"மூச்சு எங்க சைக்கிள் கொடுத்தது!" என்றார் ரோம்கே, நனைந்த காலோடு.

"நேத்து வரைக்கும் ரெண்டு பேருக்கும் நான் அரைதானே? மிச்சப் பாதியை இன்னிக்குக் காலையில எங்கேருந்து கொண்டுவந்தீங்க?" என்று கேட்டாள் வீட்ஸ்கே.

டௌவே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ரோம்கே தொண்டையைச் செருமி ஒலிபெருக்கியை வாங்கினார். பாதுகாப்புக் காரணங்களுக்காக, அடுத்த வருடம் பந்தயம் மறுபடி இடப்பக்கமாக ஓடும் என்று அறிவித்தார்.

வீட்ஸ்கே பூங்கொத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தாராளமா மாத்துங்க தலைவரே. இடப்பக்கம் எனக்குத் தாய்வீடு."