சிவப்புக் காரின் குறைகள்

மூன்றாவதாகக் கார் பார்க்க வந்தவரிடமும் என் தங்கை ஒரு குறையைச் சொல்லிவிட்டாள்.

"மழ பேஞ்சா நின்னுரும், அண்ணாச்சி."

பானட்டைத் தூக்கிவைத்து உள்ளே குனிந்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்தேன். முந்தின நாள் மழை அதன் ஓட்டைகள் வழியே சொட்டி, சிமெண்டுத் தரையில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

முதலில் வந்தவர் பாளையங்கோட்டை வக்கீல். இரண்டாவது கியர் விழும்போது கத்தும் என்று அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்த ஹென்றி கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற இளவட்டம். வண்டியைக் கண்டதுமே மயங்கி, சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அட்வான்ஸ் கொடுக்கப் பைக்குள் கையை விட்டவனிடம், டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள் என் தங்கை செண்பகம். தூக்கினான். உப்புக்காற்றில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை வழியாக ஷெட்டின் தரை தெரிந்தது. போனவன் போனவன்தான்.

இந்த மூன்றாவது ஆள் வருவதற்கு முந்தின சாயங்காலம் அவளை உட்காரவைத்துப் பேசினேன்.

"நாளைக்கு நீ வாயத் தெறக்காம இருந்தா போதும்."

"கேட்டா சொல்லாண்டாமா?"

"ஹென்றி ஒங்கிட்ட கேட்டானா?"

"கேக்கணும்னு தெரிஞ்சாத்தான அண்ணே கேப்பான்."

இப்படிப் பேசுகிறவளை வைத்துக்கொண்டு எந்தப் பொருளை விற்பது? பெரிய கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாகக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறேன். எந்தக் கயிறு அறும் என்று கேட்காத ஆளிடம் நான் வலியப் போய்ச் சொன்னதில்லை.

அந்தக் கார் எங்கள் ஊர்க் கார் இல்லை. புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது, செண்பகத்தின் புருஷன், என் மச்சான் ராஜதுரையிடம் விற்றுவிட்டுப் போனது. மச்சான் அங்கே லாரியில் கல் அடிக்கிற காண்டிராக்ட் எடுத்திருந்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கதவு. பின்பக்கம் முழுவதும் டிரங்குப் பெட்டி மூடிபோல் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கும். கியர் தரையில். அதன் பெயரை இங்கே யாரும் சரியாக உச்சரித்ததில்லை. செவப்புக் கார் என்றால் எல்லோருக்கும் தெரியும். திருச்செந்தூர் ரோட்டில் பஸ்ஸையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் பறக்கும். மச்சான் ஆவணியில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். துறைமுக வேலைக்காக அவருக்குக் கொடுத்திருந்த கம்பெனி வீட்டைக் கார்த்திகைக்குள் காலி செய்ய வேண்டும். தங்கைக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் என் வீட்டுப் பின்கட்டை வெள்ளையடித்து வைத்துவிட்டேன். காரை எங்கே வைப்பது? என் தெருவில் சைக்கிள் திரும்பினாலே பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். மச்சானுடைய அண்ணன் வேறு, பொம்பளைகள் இருக்கிற வீட்டில் கார் எதற்கு என்று கடிதம் போட்டிருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஏரலில் அரிசி மில். காரில் சொகுசாகப் போகிற ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. புரட்டாசியில் ஒரு விடியற்காலம் அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. வாடகைக் கார் வந்து சேரவே ஒரு மணி நேரம். அதுவும் பாதி வழியில் புகைந்து நின்று, லாரியில் ஏற்றித் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிழைத்துவிட்டார்கள். இனி வாராவாரம் காட்ட வேண்டும். "வழியில நிக்காத வண்டி, வெரசா போற வண்டி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவரிடம்தான் இவள், மழ பேஞ்சா நின்னுரும் என்கிறாள்.

ஆனால் அவர் போகவில்லை. கூட்டி வந்திருந்த மெக்கானிக் கிளாட்வினிடம், "பாரும்வே" என்று மட்டும் சொன்னார்.

கிளாட்வின் பார்த்தான். எண்ணெய்க் கம்பியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று வெயிலுக்குச் சாய்ந்து பார்த்தான். ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் புகையின் நிறம் பார்த்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"எப்படி?" என்றேன்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எடுக்கலாம்?"

"நான் அப்படிச் சொல்லலயே. ஓட்டிப் பாக்கணும்."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நானும் வருவேன் என்று செண்பகம் ஏறிக்கொண்டாள். முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் நுழைய முடியும். என் உடம்புக்கு அது பெரிய பாடு. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். முதலில் அண்ணாச்சி ஓட்டினார். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கிற வண்டிகளில் பழகியவர். ஒவ்வொரு தடவையும் இடது கை அங்கே போய்க் காற்றைப் பிடித்துவிட்டுத் தரைக்கு இறங்கியது. இரண்டாவது கியர் கத்தியது. நான் இருமினேன். முத்தையாபுரம் தாண்டியதும் கிளாட்வின் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டான்.

முள்ளக்காட்டுக்கு அப்பால் ரோடு தாழ்ந்து, மழைத்தண்ணீர் குறுக்கே கிடந்தது.

"மெதுவா போங்க. தண்ணி தெறிச்சா நின்னுரும்" என்றாள் செண்பகம்.

"இந்தத் தண்ணிக்கா?" என்று சொல்லிக்கொண்டே கிளாட்வின் வேகமாக விட்டான். இரண்டு பக்கமும் தண்ணீர் றெக்கைபோல் எழும்பியது. நடுவில் போய் வண்டி ஒரு உதறு உதறி நின்றது.

நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். கிளாட்வின் இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பானட்டைத் திறந்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். சாவியைத் திருப்பினால் அனத்தியதே தவிரப் பிடிக்கவில்லை. பேட்டரி போய்விடும் என்றான். ஒரு உப்பு லாரி எங்கள் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. அண்ணாச்சி முன் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புரட்டாசி மாதத்து விடியற்காலம் அவர் மனதில் ஓடியிருக்கும். வியாபாரம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எறங்குங்க. நான் வெளிய வரணும்" என்றாள் செண்பகம்.

அவர் கணுக்கால் தண்ணீரில் இறங்கி சீட்டை மடக்கிவிட்டார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். கிளாட்வினை நகரச் சொல்லிவிட்டு, இன்ஜினுக்கு முன்பக்கம், காரின் முகப்புக் கம்பி ஜாலிக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டு கிளிப்பை நீக்கி, கறுப்பாக ஒரு மூடியை எடுத்தாள். பிளக்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகிற வயர்கள் அதிலேயே தொங்கின. முந்தானையின் காய்ந்த நுனியால் உள்பக்கத்தைத் துடைத்தாள். வாயால் ஊதினாள். மறுபடி துடைத்து மாட்டினாள்.

"டிஸ்டிரிபியூட்டர் முன்னாலயா இருக்கு?" என்றான் கிளாட்வின். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இதுல முன்னாலதான். மழைக்காலத்துல பாலித்தீன் தாள் சுத்திக் கட்டணும். கெளம்பும்போது கட்டிருக்கணும், மறந்துட்டேன்."

பிறகு அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சோக்கைப் பாதி இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். இரண்டாவது திருப்பில் பிடித்தது. நான் இறங்கியிருக்கவில்லை, பின்னால் மடங்கிக் கிடந்தேன்.

"கனம் கொறையணும். நீயும் எறங்குண்ணே."

இறங்கினேன். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. அவள் முதல் கியரிலேயே ஊர்ந்து, அலைகூட எழும்பாமல், மேட்டில் ஏறி நின்றாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் தண்ணீரை அளைந்துகொண்டு பின்னால் போனோம்.

"ஏளா, நீ எப்ப இதெல்லாம்..."

"நாலு வருசமாச்சு. ஞாயித்துக்கெழம காலைல அவுக கூட்டிட்டு வருவாக. இங்கன உப்பளத்து ரோட்டுலதான் ஓட்டுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். மறைத்துவிட்டாளே என்று ஒரு எரிச்சல். மச்சான் என்னோடு எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறார், அவரும் வாய் திறக்கவில்லையே என்று இன்னொரு எரிச்சல். இதுநாள்வரை அவள் சொன்ன குறையெல்லாம் மச்சான் சொல்லிக் கேட்டதென்று நினைத்திருந்தேன். கியர் கத்தியது அவள் கையில்தான் கத்தியிருக்கிறது. மழையில் நின்றது அவளை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

"இதோட எட்டு வண்டி பாத்துட்டேன் தாயி. ஏழுலயும் ஒரு கொறையும் இல்லன்னானுவ. இது ஒண்ணுதான் எங்கன நிக்கும், நின்னா என்ன செய்யணும்னு தெரிஞ்ச வண்டி. எனக்கு இது போதும். எடுத்துக்கிடுதேன்."

அப்பாடா என்றிருந்தது. அட்வான்ஸ் பேச வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். இவ்வளவு தெரிஞ்ச வண்டிய ஏன் விக்கிய?"

செண்பகம் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைத்தாள். "அண்ணன்கிட்ட கேளுங்க."

சொன்னேன். கம்பெனி வீடு, கார்த்திகை, என் தெருவின் அகலம், இரண்டு பிள்ளைகள், மச்சானுடைய அண்ணன் கடிதம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒற்றைச் செருப்போடு ரோட்டில் நின்று சொல்லும்போது, என் குரல் எனக்கே சாக்குச் சொல்வதுபோல் கேட்டது.

"அது ஒம்ம காரணம்லா. நான் அவுகளக் கேட்டேன்" என்றார் அண்ணாச்சி.

அவள் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மழைக்குப் பயந்து ஓலையால் மூடிய உப்புக் குவியல்கள் தூரத்தில் வரிசையாக நின்றன.

"எங்கிட்ட யாரும் கேக்கல அண்ணாச்சி. நானும் யோசிக்கல. வாரவுகள்ட்ட உள்ளதச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அப்ப யோசிங்க. அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் நான் வேற வண்டி பாக்கல."

"அண்ணாச்சி, அதுல யோசிக்க என்ன இருக்கு" என்று ஆரம்பித்தேன். கிளாட்வின் என் தோளைத் தொட்டு, "வேண்டாம்வே" என்பதுபோல் தலையசைத்தான். காலையிலிருந்து எதற்கும் பிடிகொடுத்து ஒரு பதில் சொல்லாதவன்.

ஊர் திரும்ப வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. ரோடு ஒடுக்கம். கொஞ்சம் தள்ளி உப்பளத்துக்குள் போகிற லாரித் தடத்தில் பின்பக்கமாக நுழைத்துத்தான் திருப்ப முடியும். தடத்தின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் மழைத்தண்ணீர் விளிம்புவரை நின்றது. கிளாட்வின் பின்னால் போய் நின்று, வா வா என்று கையை அசைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியே வரப்பை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கினான். பின்சக்கரம் மண்ணின் கடைசி விளிம்பில் வந்து நின்றது. ஒரு சின்னக் கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தது. பாத்தித் தண்ணீரில் தெரிந்த சிவப்பு நெளிந்து, கலைந்து, மெல்ல மெல்ல மறுபடியும் ஒரு காராகக் கூடியது.