யாருடைய வாடிக்கையாளர்கள்

ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு பேரை உலகம் ஒரே தராசில் வைத்துத்தான் நிறுக்கும். முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். அவர் அக்காவைக் கட்டியவர்; சகலை தங்கையைக் கட்டியவன். கல்யாணமான புதிதில் தட்டு முதலாளி பக்கம்தான் கனத்தது. தொலைபேசி லைன் வழியாக இன்டர்நெட் தரும் கம்பெனியை அந்த ஊரில் முதலில் தொடங்கியவர் அவர்.

சலவைக் கடைக்கு மேலே, மாடியில் அலுவலகம். உள்ளறையில் அலமாரி அலமாரியாக மோடம்கள் சிவப்புக் கண்களைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். யாராவது வீட்டிலிருந்து டயல் செய்தால் ஒன்று கீச்சிட்டு, கரகரத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு இணைப்பைக் கொடுக்கும். சாயங்காலம் ஆனால் எல்லா மோடமும் நிரம்பிவிடும். லைன் கிடைக்காதவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவர் காதுக்குச் சங்கீதம்.

சகலை அப்போது கேபிள் டிவிக்காரன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூரை கூரையாக ஏறி வயர் இழுப்பவன். நாலு பேர் கூடும் இடத்தில் மாமனார், “பெரிய மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனி வச்சிருக்கார்” என்பார். சின்ன மாப்பிள்ளையின் முறை வரும்போது அவருக்கு இருமல் வந்துவிடும்.

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்? டிவி போன அதே கேபிளில் சகலை இன்டர்நெட்டையும் விட்டான். டயல் செய்ய வேண்டாம், காத்துக்கிடக்க வேண்டாம், ஒரு பக்கம் போன் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் படம் பார்க்கலாம். முதலாளியின் வாடிக்கையாளர்கள் அணை உடைந்த மாதிரி அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். வேலையாட்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் கம்பெனியில் மிஞ்சியது அவரும் அவர் மனைவியும்தான். சலவைக் கடைக்காரர் மட்டும் இன்னும் “என்ன முதலாளி” என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சிலர் அசையாமல் இருந்தார்கள். ஒரு பல் டாக்டர், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்யும் ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். முதலாளி அவர்களை நினைத்துத்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

“வேகம் வேகம்னு ஓடுறவன் ஓடட்டும். விசுவாசம்னு ஒண்ணு இருக்கு பாரு, அதை அவன் கேபிள்ல அனுப்ப முடியாது” என்பார் மனைவியிடம்.

“ம்” என்பாள் அவள், ஹெல்ப்லைன் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி. பிறகு போனில், “அவசரமே இல்ல சார், அது பாட்டுக்கு டயல் பண்ணட்டும். அதுவரைக்கும் உங்க முழங்கால் எப்படியிருக்குன்னு சொல்லுங்க” என்பாள். வருஷக்கணக்காக அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மின்விசிறிச் சத்தம் விழுகிற மாதிரி.

ஒரு நாள் காலை, விசுவாசிகளை நேரில் பார்த்து நன்றி சொன்னால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியார் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார். திரையில் ஏதோ ஒரு ஆற்றின் படம் கண்மூடித் திறப்பதற்குள் முழுசாக வந்து நின்றது. மேஜை ஓரத்தில் பச்சை விளக்கோடு ஒரு பெட்டி. அதன் நெற்றியில் சகலையின் கம்பெனி ஸ்டிக்கர்.

“இது நம்ம லைன் இல்லையே?”

“அதுவா, பேத்தி படிக்க வந்தப்போ போட்டது. போன வருஷமே.”

“அப்போ நம்ம கனெக்‌ஷன்?”

“அது இருந்துட்டுப் போகட்டும். மேடம்கிட்ட பேசணும்ல? கனெக்‌ஷனை எடுத்துட்டு சும்மா சும்மா போன் பண்ணா நல்லாவா இருக்கும்?” வாத்தியார் குழந்தை மாதிரிச் சிரித்தார். “வீட்டுக்காரி போனதுக்கப்புறம், நான் பேசி முடிக்கிறவரைக்கும் பொறுமையாக் கேக்கிறது அவங்க ஒருத்தங்கதான். ஆமா, நீங்க அங்க என்ன வேலை பாக்கறீங்க?”

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்தார். வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. சகலையின் மேல் வயிறு எரிந்து எரிந்து அவருக்குப் பழகிப்போயிருந்தது. அது வாசலுக்கு வெளியே இருந்த நெருப்பு. இது வேறு. இது உள்ளுக்குள்ளேயே, தன் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

மறுநாள் வந்ததும் வராததுமாக ஹெல்ப்லைன் போனைத் தன் மேஜைக்கு இழுத்துவைத்துக்கொண்டார். “நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வார இதழை விரித்துக்கொண்டாள்.

முதலில் பல் டாக்டர். “மேடம் இல்லையா?”

“ஓனர்தான் பேசறேன். என்ன பிரச்சினை சொல்லுங்க டாக்டர்.”

“இல்ல... இப்ப சரியாயிடுச்சு.” டக்கென்று வைத்துவிட்டார்.

மொழிபெயர்ப்புக்கார அம்மாள், “அவங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று பதறினாள். இல்லை என்றதும் அவளுடைய இணைப்பும் தானாகவே சரியாகிவிட்டது. வாத்தியார் அவர் குரலைக் கேட்டதும் பேசாமலே வைத்தார். மத்தியானத்துக்குப் பிறகு போன் வாயே திறக்கவில்லை. எதிரே இதழின் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரத்திலேயே சகலை படியேறி வந்தான். தோளில் ஏணி இல்லை, விரலில் கார் சாவி. மனைவி பாங்குக்குப் போயிருந்தாள். கம்பெனியை விலைக்குக் கேட்பான், மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி மனசுக்குள் ஒத்திகை பார்த்தே வைத்திருந்தார். சகலை மோடம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட ஆள் நிறைய இருக்கு, போன்ல மனுஷனா பேசத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல. வாடிக்கைக்காரங்ககிட்ட எரிஞ்சு விழறாங்க. அண்ணி வந்து அந்தப் பொறுப்பை எடுத்துக்கிட்டா...”

“வரமாட்டா.”

“ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே?”

“கேட்டாச்சு” என்றார் முதலாளி. பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அக்கா தங்கை இருக்கிற வீட்டில் பொய்க்கு ஆயுசு குறைவு. சாயங்காலமே தங்கை அக்காவுக்குப் போன் செய்துவிட்டாள். முதலாளி கை கழுவ வந்தபோது மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னைக் கேட்டாச்சாமே? எப்போ கேட்டீங்க? நான் என்ன சொன்னேன்? எனக்கே ஞாபகம் இல்ல.”

“அவன்கிட்ட போய் வேலை பாக்கறதா? மானம்னு ஒண்ணு இல்ல?”

“யாரோட மானம்? போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டு நீங்களும் பேசல, என்னையும் பேச விடல. தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான்னு சொல்வாங்க, அந்தக் கதையாத்தான் இருக்கு.”

அவர் வாயிலிருந்து அது தானாகவே கொட்டிவிட்டது. “வாத்தியார் முழங்காலை விசாரிக்கிறே. பல் டாக்டரோட பையன் பரீட்சையை விசாரிக்கிறே. என்னை எப்போ விசாரிச்சே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. “அவங்க எங்கிட்ட பேசறாங்க, நான் விசாரிக்கிறேன். நீங்க எதிர்லயே உக்காந்திருந்தீங்க. என்ன பேசினீங்க? சகலை கார் வாங்கிட்டான், சகலை ஆபீசை மாத்திட்டான். இத்தனை வருஷம் நீங்க குடித்தனம் பண்ணது அவரோடதாங்க, எங்கூட இல்ல.”

முதலாளி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பதிலுக்கு எதைத் தேடினாலும் சகலைதான் நினைவுக்கு வந்தான்.

அவள் அடுத்த மாதமே சகலையின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் இல்லாமல் கம்பெனி நிற்காது என்பது மோடம்களுக்கே தெரிந்திருக்கும். மூடப்போகிற செய்தியை ஒவ்வொருவருக்கும் முதலாளிதான் போனில் சொன்னார். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “மேடம் எங்க போறாங்க?” சகலையின் கம்பெனிப் பெயரையும் நம்பரையும் தன் வாயாலேயே சொல்லிச் சொல்லி அவர் நாக்கு வறண்டது. “ரொம்ப நல்லதாப் போச்சு, எனக்குத்தான் அங்க ஏற்கனவே கனெக்‌ஷன் இருக்கே!” என்றார் வாத்தியார்.

மோடம்கள் எடைக்குப் போயின. உள்ளறையைக் காலி செய்துவிட்டு, முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கத் தொடங்கினார் முதலாளி. சாயங்காலம் மனைவியைக் கூட்டிவர சகலையின் ஆபீஸ் வாசலுக்கு வண்டியில் போவார், ஆனால் உள்ளே போகமாட்டார்.

ஒரு நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டு ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகலையும் கூட நின்று சிரித்தான். பழைய நெருப்பு மறுபடி பற்றிக்கொண்டது. கை ஹாரனுக்குப் போனது, அழுத்தாமல் எடுத்துக்கொண்டார்.

அவள் வந்து ஏறியதும், “என்ன, உள்ள ஒரே சிரிப்பு?” என்றார். குரல் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வந்தது.

“அதுவா? இன்னிக்கு ஒருத்தர் போன் பண்ணார்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“அதுக்கு சகலை என்ன சொன்னான்?”

அவள் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரி, சரி, அவனை விடு” என்றார் முதலாளி வண்டியை எடுத்தபடி. “நீ சொல்லு. போன் பண்ணார், அப்புறம்?”