தூணுக்குள் இருப்பவர்கள்

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில் நிற்கும் பழைய மரவீட்டைக் கழற்றி, புதுச்சேரி விடுதி ஒன்றுக்கு விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று பேனாவை எடுத்தேன். கோபத்தில் எழுதினால் எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். கதை வராது.

முதல் தொடக்கம்: 'செய்தி கேட்டதும் நடுக்கூடத்துத் தூண், நானூறு வருடத்துக்குப் பிறகு, ஓர் இலை விட்டது. அந்த இலையில் நான்தான் முதலில் சோறு…'

(அடித்துவிட்டேன். அந்த வீட்டின் சொந்தக்காரி கனகமணி படித்துவிட்டு, "எல விட்டா ஆடு மேஞ்சிடும்ணா. உள்ளத எழுதுங்க" என்றாள்.)

2

உள்ளது இது. அந்த வீட்டில் சுவர் சும்மா மறைப்புக்கு. பாரம் முழுக்கத் தூணும் உத்தரமும் சுமக்கின்றன. சுவரை இடித்தாலும் வீடு நிற்கும்.

கனகமணிக்கு எழுபது வயது. தனியாக இருக்கிறாள். சமணக் குடும்பம், பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்ந்தபின் அடுப்பும் விளக்கும் ஏற்றமாட்டாள். தம்பி விமலநாதனுக்கு விழுப்புரத்தில் இரும்புக்கடை. வீடு இருவர் பேரிலும் இருக்கிறது. அவள் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது.

(ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த வீட்டில் ஆணியே கிடையாது. மரத்துக்குள் மரத்தைச் செருகியிருக்கிறார்கள்.)

3

போன வாரம் விமலநாதன், விடுதிக்காக மரம் வாங்கும் கண்டமங்கலத்துச் சகாயராஜைக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் போய் நின்றுகொண்டேன். சகாயராஜ் தூணைத் தட்டிப் பார்த்தார்.

"மேல கெட்டிதாம்மா. உள்ள கறையான் ஏறிக்கினு இருக்குது. மருந்து அடிச்சா இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

"அடிச்சா அதுங்க எங்க போவும்?" என்றாள் கனகமணி.

"எங்கியும் போவாதும்மா. செத்துடும்."

"அப்ப வேணாம் தம்பி."

விமலநாதன் பொறுமை இழந்தான். "மருந்தும் அடிக்க உடமாட்ட, விக்கவும் உடமாட்ட. மொத்தத்தையும் தின்னுச்சின்னா வீடு உன் தலைமேலதான்க்கா விழும்."

"விழட்டும். அதுங்களும் இங்கியே பொறந்ததுடா. உன்னாட்டம் உட்டுட்டா போச்சிங்க?"

சகாயராஜ் சிரித்துவிட்டார். "எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. எங்க ஊருக்கு எடுத்துக்கினு போய் மருந்து அடிச்சிக்கிறேன். பாவம் என்னோட போவட்டும்."

"வித்த பாவம் யாரோட போவும் தம்பி?"

4

சகாயராஜைத் தெருவில் மடக்கிக் கேட்டேன்: "விடுதியில அந்தத் தூண் எதைத் தாங்கப்போவுது?"

"எதையும் இல்லைங்க சார். மேல கான்கிரீட். இது சும்மா அழகுக்கு நிக்கும்."

இத்தனை காலம் ஒரு வீட்டைச் சுமந்த மரத்தை நீச்சல்குளத்து ஓரம் சும்மா நிறுத்திவைப்பது எந்த ஊர் நியாயம்? ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டுக்குக் கார் போட்டு வந்து, தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து, 'பாரம்பரியம்' என்று பெருமூச்சு விடுகிறவர்களில் ஒருவராவது ஓர் உடைந்த ஓட்டை மாற்றித் தந்ததுண்டா? விமலநாதனை நான்… (எழுதினால் அச்சாகாது.)

கனகமணியிடமும்தான் கோபம். கறையானுக்கு இரங்குகிறவள் தன் தலைக்கு இரங்கக் கூடாதா? கேட்டேன்.

"கட்டிலாண்ட இருக்கற தூண இன்னும் தொடலண்ணா" என்றாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடுகிறாள். லாரி கண்டமங்கலம் போய்ச் சேர்ந்ததும் மருந்து அடிக்கிறார்கள்.

போடவில்லை. ஐப்பசி மழையில் உத்தரம் இறங்குகிறது. காலையில் நான்தான் முதலில்…

மூன்றாவது: மரம் முழுக்கத் தின்று தீர்ந்த பிறகு, கறையான்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தூண் வடிவிலேயே நின்று கூரையைத் தாங்குகின்றன.

மூன்றையும் கனகமணிக்குப் படித்துக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டவே இல்லை. மூன்றாவதைக் கேட்டு, "இது பரவால்ல" என்றாள். அப்புறம், "அந்த மரக்காரத் தம்பி வந்து தட்டிப் பாத்தா?" என்றாள்.



நாளைக் காலை விமலநாதன் பத்திரத்தோடு வருகிறான். சாட்சிக்கு நான் வேண்டுமாம். அவள் கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்று நான் எழுதப்போவதில்லை. பேனாவை வைத்துவிட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: யோசிக்கிறேன் என்று தூணில் சாய்ந்துவிடாதீர்கள். உள்ளே குடியிருக்கிறார்கள்.